ஆறு கோர் போட்டும் ஒரு கோரை விட மெதுவா ஓடுது: எல்3 கேஷ் நிஜமாவே பொதுவா?

ராணிப்பேட்டை_ரன்னர் | செவ்வாய், இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா மண்டை காயுது, அதான் இங்க வந்துட்டேன்.

ராணிப்பேட்டைல ஒரு சின்ன ஆபீஸ்ல வேலை. டேனரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தர்றோம். இப்ப கைல இருக்கறது இது: தோலை மேசை மேல விரிச்சு மேல இருந்து ஒரு போட்டோ எடுப்பாங்க. ஒவ்வொரு பிக்ஸலும் எட்டு வகைல எதுன்னு பாத்து எண்ணணும். 0-ன்னா நல்ல இடம், 1 உண்ணிக் கடி, 2 முள் கீறல், 3 சூட்டுத் தழும்பு, இப்படியே போய் 7-ன்னா தோலே இல்ல, மேசை தெரியுதுன்னு அர்த்தம். கடைசில எத்தனை சதவீதம் பழுதுன்னு சொல்லணும்.

200 படம், ஒவ்வொண்ணும் 1.2 கோடி பிக்ஸல். எல்லாத்தையும் மெமரில ஏத்தின பிறகு, எண்ணற வேலைக்கு மட்டும் நேரம் பாத்தேன். ஒரே த்ரெட் (ப்ராசஸரோட ஒரு கோர்ல மட்டும் ஓடற வேலை): 5.8 செகண்ட். ஆறு த்ரெட்: 9.4 செகண்ட். அவசரத்துல மாத்தி எழுதிட்டேனோன்னு அஞ்சு தடவை ஓட்டிப் பாத்தாச்சு. மாத்தி எழுதல.

மெஷின் ரைசன் 5 3600 (ஏஎம்டியோட ஆறு கோர் ப்ராசஸர்), 16 ஜிபி ரேம், உபுண்டு. கோடு சி++. லாக் (ஒரு த்ரெட் முடிக்கற வரை மத்ததை நிறுத்தி வைக்கற பூட்டு) எதுவும் கிடையாது. ஒரு த்ரெட்டோட எண்ணியை (கவுன்ட்டரை) இன்னொரு த்ரெட் தொடவே தொடாது. எண்ணி அர்ரேல முதல் அளவு வகை, அது 8. ரெண்டாவது அளவு த்ரெட், அது 6. ஒவ்வொரு எண்ணியும் 8 பைட். மொத்தமே 384 பைட். கேஷ்ங்கறது ப்ராசஸருக்குள்ள இருக்கற, ரேமை விட வேகமான சின்ன மெமரி; எல்1, எல்2, எல்3 அதோட அடுக்குகள். 32 எம்பி எல்3-ல இது கடுகு. எல்3 ஆறு கோருக்கும் பொதுன்னு படிச்சிருக்கேன். அப்ப சண்டை எங்க வருது?

கோட்டைவாசல் | செவ்வாய், இரவு 10:31

இன்னா தம்பி, ரேம் ஒரே குச்சியா போட்டுகீறியா? முதல்ல அத்த பாரு. ரெண்டு குச்சியா இருந்தாதான் டூயல் சேனல் ஓடும். கேஷ்ல ஒண்ணும் இல்ல. 3600-ஐ நான் நூறு மெஷினுக்கு மேல அசெம்பிள் பண்ணிக் குட்துகீறேன். 32 எம்பி எல்3, ஆறு கோருக்கும் பொது. அட்டைப்பெட்டிலயே போட்டுகீது.

ராணிப்பேட்டை_ரன்னர் | செவ்வாய், இரவு 10:40

ரெண்டு 8 ஜிபி குச்சி அண்ணா. டூயல் சேனல்லதான் ஓடுது.

காட்பாடி_கர்னல் | செவ்வாய், இரவு 11:55

ரன்னர் தம்பி, ரேமை விடு. உன் 384 பைட்லதான் சண்டை.

கேஷ் பைட் பைட்டா வேலை செய்யாது. 64 பைட் ஒரு கட்டு, அதுக்குப் பேர் கேஷ் லைன். உனக்கு ஒரே ஒரு எண்ணி வேணும்னாலும் அதைச் சுத்தி இருக்கற 64 பைட்டும் சேர்ந்துதான் வரும், போகும். இப்ப உன் அர்ரேயைப் பார். வகை 0-க்கு ஆறு த்ரெட்டோட எண்ணியும் பக்கத்துப் பக்கத்துல, 48 பைட்ல உக்காந்திருக்கு. அதாவது ஆறு கோரும் ஒரே லைன்ல எழுதுது. நீ தனித்தனின்னு நினைக்கற. ஹார்டுவேருக்கு அது தெரியாது, அதுக்கு லைன்தான் கணக்கு.

எங்க ஊர்ப் பக்கம் பால் சொசைட்டில கணக்கு நோட்டு ஒண்ணு இருக்கும். ஒரு பக்கத்துல ஆறு வீட்டுக் கணக்கு. உன் வீட்டு வரி வேற, என் வீட்டு வரி வேற, யாரும் யார் வரியையும் அழிக்கறதில்ல. ஆனா நோட்டு ஒண்ணு. நான் எழுதணும்னா நோட்டு என் கைக்கு வரணும், அந்த நேரம் நீ நிக்கணும். உன் ஆறு கோரும் நோட்டைப் பிடுங்கிப் பிடுங்கி எழுதிட்டிருக்கு. இதுக்கு ஃபால்ஸ் ஷேரிங்னு பேர்.

எல்3 பொதுதான். ஆனா எழுதறது எல்3-ல நடக்கறதில்ல. ஒவ்வொரு கோரும் தன் சொந்த எல்1-க்கு லைனைக் கொண்டுவந்து அங்கதான் எழுதும். 3600-ல கோருக்கு 32 கேபி டேட்டா எல்1, 512 கேபி எல்2, ரெண்டும் அந்தக் கோரோட சொந்தச் சொத்து. பொதுவான சரக்கைச் சொந்த அறைக்குத் தூக்கிட்டுப் போய்த்தான் கை வைக்க முடியும். பிரச்னை பூரா அந்தத் தூக்கற வேலைல.

அர்ரேயைத் திருப்பிப் போடு. முதல் அளவு த்ரெட், ரெண்டாவது வகை. ஒரு த்ரெட்டுக்கு 8 எண்ணி, 8 பைட், சரியா 64. ஒரு த்ரெட் ஒரு லைன். ஓட்டிட்டுச் சொல்லு.

ஆம்பூர்_பைட் | புதன், காலை 7:20

லாக் போட்டா சரியாயிடாதா ப்ரோ? இல்லன்னா அட்டாமிக் போடலாமே?

காட்பாடி_கர்னல் | புதன், காலை 7:48

இன்னும் மோசமாகும். அட்டாமிக்ல (படிச்சு, கூட்டி, எழுதறதை நடுவுல யாரும் புகாம ஒரே செயலா முடிக்கறது) கூட்டணும்னா லைன் தன் கைல தனியுரிமையா வந்து சேர்ற வரைக்கும் கோர் காத்துக்கிட்டு நிக்கும். இப்பவாவது ஸ்டோர் பஃபர்ல (எழுத வேண்டியதைக் கோர் தற்காலிகமா வெச்சுக்கற இடம்) நாலு எழுத்தைச் சேத்து வெச்சு, லைன் வந்ததும் ஒரே மூச்சுல கொட்டுது. அதனாலதான் 9.4-ல நிக்குது.

பழைய_பாலிடெக்னிக் | புதன், காலை 9:05

கர்னல் சொன்ன பால் நோட்டு உவமை எழுதுவதற்குப் பொருந்துகிறது, படிப்பதற்குப் பொருந்தவில்லை. ஆசிரியராக இருந்தவன், சும்மா இருக்க முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிக்க மட்டும் என்றால் ஆறு கோர்களும் ஒரே லைனின் ஆறு படிகளை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். நோட்டின் ஜெராக்ஸ் ஆறு பேரிடமும் இருப்பது போல. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஒருவர் பேனாவை எடுக்கும்போதுதான் சிக்கல். அவர் எழுதுவதற்கு முன் மற்ற ஐந்து ஜெராக்ஸும் செல்லாதவை என்று அறிவிக்கப்பட வேண்டும். அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்து ஒப்புதல் திரும்பிய பிறகே அவர் எழுதியது செல்லும்.

இதை ஒழுங்குபடுத்தும் நடைமுறைக்கு மெசி என்று பெயர். ஒவ்வொரு லைனும் நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும்: மாற்றப்பட்டது, தனியுரிமையானது, பகிரப்பட்டது, செல்லாதது. அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளே இந்தப் பெயர். பாபமார்கோஸ், பட்டேல் என்ற இருவர் 1984-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்டதால் இல்லினாய் நெறிமுறை என்றும் சொல்வார்கள். இன்டெல் இதில் ஒரு நிலையைக் கூட்டி மெசிஃப் ஆக்கியது. ஏஎம்டி வேறொரு நிலையைக் கூட்டி மோசி ஆக்கியது: மாற்றப்பட்ட லைனை மெமரிக்குத் திருப்பி எழுதாமலேயே பக்கத்துக் கோருக்குப் படிக்கக் கொடுக்கலாம்.

கேஷ் என்ற எண்ணமே இதற்கு இருபது ஆண்டுகள் முந்தியது. மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் இதைப் பற்றி எழுதியபோது அவர் வைத்த பெயர் ‘அடிமை நினைவகம்’. விற்பனைக்கு வந்த கணினிகளில் முதலில் கேஷ் வைத்தது ஐபிஎம் சிஸ்டம் 360 மாடல் 85, 1968-இல். அன்று ஒரே ஒரு கோர்தான், ஆகவே யாரோடும் பங்கு பிரிக்க வேண்டியதில்லை. நான் 8085 சொல்லிக்கொடுத்த காலத்தில் அந்தச் சில்லுக்குள் கேஷே கிடையாது. எவ்வளவு நிம்மதி!

கோட்டைவாசல் | புதன், காலை 9:22

மெசின்னா ஃபுட்பால் ஆட்றவன்னு நினச்சிகினு இருந்தேன் சார்.

ராணிப்பேட்டை_ரன்னர் | புதன், மதியம் 1:15

கர்னல் அண்ணா சொன்ன மாதிரி திருப்பிப் போட்டேன். 9.4-ல இருந்து 6.7 ஆச்சு. குறைஞ்சிருக்கு. ஆனா இப்பவும் ஒரு த்ரெட்டை விட மெதுவு! ஒரு த்ரெட்டுக்கு ஒரு லைன்தானே? இன்னும் யார் யார் நோட்டைப் பிடுங்கறாங்க?

குடியாத்தம்_தறி | புதன், மதியம் 2:02

தம்பி, அர்ரேக்கு இடத்தை மாலாக்லதான் (மெமரி கேட்டு வாங்கற ஃபங்ஷன்) வாங்கியிருக்க? அது தொடங்கற முகவரியைப் பிரிண்ட் பண்ணு. கடைசி ரெண்டு இலக்கம் மட்டும் சொல்லு.

ராணிப்பேட்டை_ரன்னர் | புதன், மதியம் 2:10

மாலாக்தான் அக்கா. ஹெக்ஸ்ல (16-ஐ அடியா வெச்ச எண் முறை) கடைசி ரெண்டு இலக்கம் ஏ0.

குடியாத்தம்_தறி | புதன், மதியம் 2:41

அங்கதான் விஷயம். ஹெக்ஸ் ஏ0-ன்னா 160. அதை 64-ஆல வகுத்தா 32 மீதி. லைன் தொடங்கறது 00, 40, 80, சி0-ல மட்டும்தான். உன் அர்ரே ஒரு லைனோட நட்ட நடுவுல இருந்து தொடங்குது. லினக்ஸ்ல மாலாக் 16-ஆல வகுபடற முகவரிதான் தரும், 64-க்கு அது பொறுப்பு கிடையாது.

அதனால என்ன ஆச்சு பாரு. த்ரெட் 0-வோட வகை 0 முதல் 3 வரை ஒரு லைன்ல, 4 முதல் 7 வரை அடுத்த லைன்ல. அந்த அடுத்த லைன்லதான் த்ரெட் 1-ஓட 0 முதல் 3 வரை. உன் படத்துல அதிகம் வர்றது எது? 0 நல்ல தோல், 7 மேசை. ஒருத்தன் மேசையை எண்ணும்போது பக்கத்துல இருக்கறவன் நல்ல தோலை எண்ணறான், ரெண்டும் ஒரே லைன்ல. முன்னாடி ஆறு பேர் ஒரு நோட்டுக்கு அடிச்சுக்கிட்டாங்க, இப்ப ரெண்டு ரெண்டு பேரா அடிச்சுக்கறாங்க. அதான் 6.7.

அலைன்டு அலாக் இருக்கு, அதுல 64 கொடுத்து வாங்கு. எங்க வீட்டுல தறி ஓடின காலத்துல பாவு பூட்டும்போது ஒரு இழை தள்ளிப் பூட்டிட்டா கைலி பூரா கட்டம் கோணும், அடுத்த நாள்தான் கண்ணுக்குத் தெரியும். த்ரெட்னு பேர் வெச்சவனுக்கு இது தெரிஞ்சிருக்கும் போல.

ராணிப்பேட்டை_ரன்னர் | புதன், மாலை 4:30

அக்கா!!! 1.3 செகண்ட்.

வேற ஒரு எழுத்து கூட மாத்தல. முகவரி மட்டும்தான்.

காட்பாடி_கர்னல் | புதன், மாலை 6:10

அலைன்மென்ட்டை, அதாவது அர்ரே எந்த முகவரில தொடங்குதுன்னு, கேக்காம விட்டது என் தப்பு. தறி அக்காவுக்கு ஒரு சலாம்.

தம்பி, இதை விடச் சுத்தமான வழியும் இருக்கு. ஒவ்வொரு த்ரெட்டும் தன் ஃபங்ஷனுக்குள்ளயே எட்டு எண்ணி லோக்கலா வெச்சு எண்ணட்டும். படம் முடிஞ்ச பிறகு ஒரே ஒரு தடவை பொது அர்ரேல கூட்டட்டும். லோக்கல் வேரியபிள் அந்தந்த த்ரெட்டோட ஸ்டாக்ல இருக்கும், யார் கூடயும் லைனைப் பங்கு போடாது. அலைன்மென்ட் கவலையும் போச்சு. 1.2 கோடி தடவை நோட்டு கேட்ட இடத்துல எட்டே தடவை.

இன்டெல் மெஷின்ல இதே கோடை ஓட்டறதா இருந்தா 64-க்குப் பதிலா 128 விடு. அங்க ப்ரீஃபெட்சர் ஒண்ணு லைன்களை ஜோடி ஜோடியா இழுத்துட்டு வரும், பக்கத்து லைன்ல எழுதறவனும் இடைஞ்சலாயிடுவான். ஆப்பிள் எம்1-ல கேஷ் லைனே 128 பைட்தான்.

கோட்டைவாசல் | புதன், இரவு 8:45

செரி, ஒத்துக்கறேன். ஆனா நான் சொன்னதும் தப்பில்லியே? 32 எம்பி ஆறு கோருக்கும் பொதுதானே?

காட்பாடி_கர்னல் | புதன், இரவு 9:30

அதுவும் தப்புதான் அண்ணா, கோச்சிக்காதீங்க.

3600 ஜென் 2 ரகம், 2019-ல வந்தது. அதுல மூணு மூணு கோரா ரெண்டு கூட்டம். கூட்டத்துக்குப் பேர் சிசிஎக்ஸ். ஒவ்வொரு சிசிஎக்ஸுக்கும் 16 எம்பி எல்3. முதல் மூணு கோருக்கு ஒரு 16, அடுத்த மூணுக்கு இன்னொரு 16. கூட்டிப் பாத்தா 32, அட்டைப்பெட்டி பொய் சொல்லல. ஆனா எந்த ஒரு கோரும் 16-க்கு மேல தன் எல்3-ன்னு சொல்லிக்க முடியாது. ரெண்டு கூட்டமும் படிக்கற ஒரே டேட்டா ரெண்டு எல்3-லயும் ரெண்டு படியா உக்காந்து இடத்தை அடைக்கும்.

அது மட்டுமில்ல. ஒரு கூட்டத்துக் கோர்ல இருந்து இன்னொரு கூட்டத்துக் கோருக்கு லைன் போகணும்னா, ரெண்டும் ஒரே சில்லுல பக்கத்துப் பக்கத்துல இருந்தாலும், வெளிய இருக்கற ஐஓ சில்லுக்குப் போய்த்தான் திரும்பணும். சத்துவாச்சாரில இருந்து ரங்காபுரம் போக காட்பாடி ஜங்ஷன் சுத்திட்டு வர்ற கதை. ஒரே கூட்டத்துக்குள்ள சுமார் 30 நானோசெகண்ட், வெளிய போனா 70, 80 ஆகும். 4 கிகாஹெர்ட்ஸ்ல 80 நானோசெகண்ட்னா 320 சைக்கிள் (கோரோட கடிகாரத் துடிப்பு). எல்1-ல இருந்து எடுக்க 4 சைக்கிள், எல்2-ன்னா 12, தன் எல்3-ன்னா ஒரு 40. ஒப்பிட்டுக்குங்க.

ஜென் 3 வந்தப்ப, 2020-ல, இந்தச் சுவரை இடிச்சுட்டாங்க. எட்டு கோர் ஒரே கூட்டம், 32 எம்பி ஒரே துண்டு. 5600 விக்கறீங்கன்னா அதுல நீங்க சொன்னது முழுக்கச் சரி.

ராணிப்பேட்டை_ரன்னர் | புதன், இரவு 10:20

இதைச் சோதிச்சுப் பாத்துட்டேன். சிஸ் அடைவுல சிபியு0-க்குள்ள போய், கேஷ், அதுல இன்டெக்ஸ்3, அதுல ஷேர்டு சிபியு லிஸ்ட்னு ஒரு ஃபைல். திறந்தா “0-2,6-8”ன்னு காட்டுது. 6-8 அந்த மூணு கோரோட ரெண்டாவது ஹைப்பர் த்ரெட். அப்ப 3, 4, 5 நிஜமாவே வேற வீடு.

பழைய மோசமான கோடை எடுத்து டாஸ்க்செட் வெச்சு மூணு த்ரெட் மட்டும் ஓட்டினேன். 0, 1, 2-ல கட்டிப் போட்டா 5.1 செகண்ட். 0, 1, 3-ல கட்டினா 8.8. அதே கோடு, அதே மூணு த்ரெட், ஒரே ஒரு ஆள் சுவருக்கு அந்தப் பக்கம். நல்ல கோடுல ரெண்டும் சமம், ஏன்னா அங்க யாரும் யார் கிட்டயும் எதுவும் கேக்கறதில்ல.

ஆம்பூர்_பைட் | வியாழன், காலை 8:02

அப்ப எக்ஸ்3டி சிப் வாங்கினா இதெல்லாம் தீந்துடுமா?

காட்பாடி_கர்னல் | வியாழன், காலை 8:15

தீராது. 5800எக்ஸ்3டி-ல எல்3 மேல இன்னொரு அடுக்கு ஒட்டி 96 எம்பி ஆக்கியிருக்காங்க. இடம் பத்தாத வேலைக்கு, முக்கியமா கேமுக்கு, அது நல்லாவே உதவும். நோட்டுச் சண்டைக்கு உதவாது. பீரோ பெருசானா நோட்டு ரெண்டாகாது.

கோட்டைவாசல் | வியாழன், காலை 10:40

இடம் பத்தலன்னு சொன்னதும் ஒண்ணு தோணிச்சி. தம்பி, பிக்ஸல் நெறத்த வெச்சி வகைய எப்டி கண்டுபுடிக்கிற? டேபிளா?

ராணிப்பேட்டை_ரன்னர் | வியாழன், காலை 11:05

ஆமாண்ணா. சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் சேத்து ஒரு எண். அதை வெச்சு டேபிள்ல ஒரு பைட் எடுப்பேன்.

கோட்டைவாசல் | வியாழன், காலை 11:12

256 பெருக்கல் 256 பெருக்கல் 256. கரீட்டா 16 எம்பி! கர்னல் தம்பி சொன்ன 16 எம்பி எல்3 பூரா இந்த டேபிளுக்கே போய்ட்ச்சி. போட்டோ எங்க நிக்கும்? புட்ச்சேன் பாரு!

காட்பாடி_கர்னல் | வியாழன், மதியம் 12:30

அட, அருமை! ஒவ்வொரு சிசிஎக்ஸ்லயும் டேபிளோட ஒரு படி வேற உக்காரும். நிறத்துக்கு 8 பிட்டுக்குப் பதிலா 6 பிட் எடுத்தா டேபிள் 256 கேபி ஆயிடும், எல்2-குள்ளயே அடங்கும்.

குடியாத்தம்_தறி | வியாழன், மதியம் 1:18

ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. டேபிள் 16 எம்பிதான். ஆனா தோல் படத்துல பச்சையும் ஊதாவும் எங்க வரப்போகுது? தொடாத லைன் கேஷுக்கு வராது. பழுப்பைச் சுத்தி இருக்கற கொஞ்சம் லைன்தான் புழங்கும்.

கோட்டைவாசல் | வியாழன், மதியம் 1:25

எக்கா, ராணிப்பேட்டைல வந்து பாரு. குரோம் போட்ட தோல் வெளிர் நீலமா கெடக்கும், வெட் ப்ளூன்னே பேரு. எல்லாத் தோலும் பழுப்பு இல்ல.

ராணிப்பேட்டை_ரன்னர் | வியாழன், மாலை 5:50

எண்ணிப் பாத்துட்டேன். டேபிள்ல மொத்தம் 2,62,144 லைன். 200 படமும் சேர்ந்து தொட்டது 9,000-த்தைச் சுத்தி. கணக்குப் போட்டா 600 கேபி கூட வரல. படத்துல வெட் ப்ளூவும் இருக்கு, கோட்டைவாசல் அண்ணா சொன்னது சரி. ஆனா நீலமும் ஒரு சின்ன மூலைலதான் அடங்குது.

அதனால அக்கா கணக்குதான் ஜெயிச்சது. 6 பிட் டேபிளும் போட்டுப் பாத்தேன், 1.2-ல இருந்து 1.1 ஆச்சு, அவ்வளவுதான். உண்ணிக் கடியும் முள் கீறலும் நிறத்துல ஒண்ணுக்கொண்ணு ரொம்ப நெருக்கம், 6 பிட்ல ரெண்டும் குழம்புது. பழைய டேபிளையே விட்டுட்டேன். (1.2 எப்படி வந்ததுன்னா, லோக்கல் எண்ணிக்கு மாத்திட்டேன்.)

கோட்டைவாசல் | வியாழன், மாலை 6:03

போச்சுறா.

பழைய_பாலிடெக்னிக் | வியாழன், இரவு 7:30

போகவில்லை. கேள்வி சரியானது, விடை வேறாக வந்தது. வகுப்பில் இப்படி ஒரு மாணவன் கிடைத்தால் நான் இரண்டு மதிப்பெண் கூடப் போட்டிருப்பேன்.

பங்கு போடும் முறை தலைமுறைக்குத் தலைமுறை மாறியதையும் சொல்லிவிடுகிறேன். 2005-இல் வந்த பென்டியம் டி-யில் இரண்டு கோர்களுக்கும் தனித்தனி கேஷ். ஒன்றிடமிருந்து மற்றது ஏதாவது பெற வேண்டுமென்றால் மதர்போர்டில் உள்ள பஸ் வழியாகப் போக வேண்டும். 2006-இல் கோர் 2 டியோ வந்தபோது எல்2-வையே இரண்டு கோர்களுக்கும் பொதுவாக்கினார்கள். அடுத்து வந்த கோர் 2 குவாட், அத்தகைய இரண்டு சில்லுகளை ஒரே உறையில் வைத்தது. மீண்டும் பஸ் பயணம். ரன்னர் இன்று 3600-இல் பார்த்த சுவர் புதிதல்ல. 2008-இல் நெஹலெம்: கோருக்கு 256 கேபி சொந்த எல்2, எல்லோருக்கும் 8 எம்பி பொது எல்3. இன்றைய அமைப்பின் மாதிரி அதுதான்.

அந்த எல்3-க்கு ஒரு குணம் உண்டு. எந்தக் கோரின் எல்1, எல்2-வில் எது இருந்தாலும் அதன் படி எல்3-லும் இருந்தே தீரும். தேட எளிது: எல்3-இல் இல்லையென்றால் எந்தக் கோரிடமும் இல்லை. ஆனால் எல்3-இலிருந்து ஒரு லைன் வெளியேற்றப்பட்டால், அதை எல்1-இல் வைத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கோரும் இழந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் சாமான் இறக்கினால் உங்கள் வீட்டுப் பெட்டி தெருவுக்கு வரும். 2017-இல் ஸ்கைலேக் சர்வர் சில்லுகளில் இன்டெல் இந்தக் கட்டாயத்தை விட்டது. எல்2-வை 1 எம்பி ஆக்கி, எல்3-ஐக் கோருக்கு 1.375 எம்பி என்று குறைத்தது. ஏஎம்டியின் ஜென் வகைகளில் எல்2-விலிருந்து வெளியேறுபவைதாம் எல்3-க்குள் வருகின்றன.

குடியாத்தம்_தறி | வியாழன், இரவு 9:10

சார் சொன்ன அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோட தினம் குடும்பம் நடத்தறவ நான். டேட்டாபேஸ் பாக்கற வேலை. ஒரே சர்வர்ல எங்க டேட்டாபேஸும் இருக்கும், வேற ஒருத்தரோட பேக்கப் வேலையும் இருக்கும். ராத்திரி பேக்கப் தொடங்கினா எங்க குவெரி இழுக்கும். சிபியு காலியா இருக்கு, டிஸ்க் காலியா இருக்கு, மெமரியும் இருக்கு. ஒரு மாசம் யாராலயும் கண்டுபிடிக்க முடியல. பேக்கப் ஒரு பைட்டை ஒரு தடவைதான் படிக்கும், திரும்பத் தேவையே இல்ல. ஆனா போற போக்குல எல்3 பூரா தன் சரக்கைப் பரப்பி, எங்க இன்டெக்ஸை வெளிய தள்ளிட்டுப் போயிடும்.

இதுக்கு இன்டெல் சர்வர்ல கேஷ் அலொகேஷன்னு ஒரு வசதி இருக்கு. ஏஎம்டி சர்வர்லயும் வந்திருக்கு. லினக்ஸ் 4.10-ல இருந்து ரெஸ்கன்ட்ரோல்னு ஒரு ஃபைல் சிஸ்டமா மவுன்ட் பண்ணிக்கலாம். எல்3-ஐச் சம பங்கா பிரிச்சிருக்கும், ஒரு பங்குக்கு வழின்னு பேர். எத்தனை வழி இருக்கோ அத்தனை பிட். எந்த பிட் யாருக்குன்னு எழுதி வெச்சா போதும். பேக்கப்புக்கு ரெண்டு வழி, மிச்சம் எங்களுக்குன்னு எழுதினேன். ஏரில எல்லா மதகையும் ஒரே ஆளுக்குத் திறந்து விடாம நீர்கட்டி முறை வெச்சு விடற மாதிரி. அன்னைக்கு ராத்திரி பேக்கப் ஓடினது யாருக்குமே தெரியல.

ஒண்ணு கவனிக்கணும். இது புதுசா வந்து உக்கார்ற இடத்தைத்தான் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே உக்காந்திருக்கற லைனை யார் வேணாலும் படிக்கலாம். அதனால இதைப் பாதுகாப்புச் சுவர்னு நினைச்சுடாதீங்க. பொது எல்3-ல ஒரு லைன் இருக்கா இல்லையாங்கறதை நேரம் அளந்து கண்டுபிடிச்சு, அடுத்த கோர்ல ஓடற ப்ரோக்ராமோட ரகசியச் சாவியையே எடுக்கலாம்னு 2014-லயே ஆராய்ச்சிக் கட்டுரை வந்தாச்சு. ஃப்ளஷ் ரீலோடுன்னு பேர். 2018 ஜனவரில ஸ்பெக்டர், மெல்ட்டவுன் வெளிய வந்தப்ப அதுக்கும் இதே அளவைதான் அடிப்படை.

நெறியாளர் | வியாழன், இரவு 9:58

ஆம்பூர் பிரியாணியா ஆற்காடு பிரியாணியா என்று கிளம்பிய 7 பதிவுகள் நீக்கப்பட்டன. அதற்குத் தனி இழை இருக்கிறது. எல்3-க்குத் திரும்பவும்.

ஆம்பூர்_பைட் | வியாழன், இரவு 10:04

மன்னிக்கவும். கடைசிக் கேள்வி. எங்கிட்ட ராஸ்பெரி பை 4 இருக்கு. அதுல எல்3 எவ்வளவு?

காட்பாடி_கர்னல் | வியாழன், இரவு 10:30

எல்3-யே கிடையாது. நாலு கோருக்கும் சேத்து 1 எம்பி எல்2, அதான் பொது. பை 5-ல கோருக்கு 512 கேபி சொந்த எல்2, பொதுவா 2 எம்பி எல்3. பன்னண்டாம் தலைமுறை இன்டெல்ல இன்னொரு கூத்து: பெரிய கோருக்குச் சொந்த எல்2, சின்ன கோர்கள் நாலு நாலா சேர்ந்து ஒரு எல்2. அதனால எல்2-ன்னா சொந்தம், எல்3-ன்னா பொதுன்னு மனப்பாடம் பண்ணாதீங்க. உங்க மெஷின்லயே அந்த ஷேர்டு சிபியு லிஸ்ட் ஃபைலைத் திறந்து பாத்துடுங்க.

ரன்னர் தம்பி, இன்டெல் மெஷின் கிடைச்சா பெர்ஃப் சி2சி-ன்னு ஒரு கமாண்ட் இருக்கு. எந்த கேஷ் லைனுக்கு எந்த ரெண்டு கோர் அடிச்சுக்குது, கோடுல எந்த வரின்னு அதுவே சொல்லிடும். இந்த மூணு நாள் மிச்சமாயிருக்கும்.

ராணிப்பேட்டை_ரன்னர் | வெள்ளி, மாலை 6:45

இன்னைக்கு டேனரில ஓட்டிக் காட்டிட்டோம். மேஸ்திரி தோலை விரிச்சு, போட்டோ எடுத்து, அடுத்த தோலை எடுக்கத் திரும்பறதுக்குள்ள திரைல கணக்கு வந்துடுச்சு. அவர் திரையைப் பாக்கவே இல்ல. தோல்ல விரலை ஓட்டி, “இங்க உண்ணி கடிச்சிருக்கு, உன் பொட்டி சொல்லிச்சா?”ன்னு கேட்டார். சொல்லிருந்துச்சு. தறி அக்கா, கர்னல் அண்ணா, கோட்டைவாசல் அண்ணா, சார், எல்லாருக்கும் நன்றி.

கோட்டைவாசல் | சனி, காலை 11:20

கடை போர்டுல 3600-க்கு நேரா “எல்3: 16+16”னு மாத்தி எழுதிட்டேன். காலைல வந்த ஒருத்தர், எதிர்க் கடைல முழுசா 32 தர்றாங்களே, நீ மட்டும் இன்னாத்துக்கு ரெண்டா ஒட்ச்சித் தர்றேன்னு கேக்கறார். இந்த இழையோட லிங்க்கை அவுருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு உக்காந்துகினு கீறேன். ரெண்டு நீல டிக் வந்துட்ச்சி.